அமுக்கரா அனுப்பவில்லை, தாயி

அன்புள்ள தாயி,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் இரண்டு விஷயம் கேட்டாய். கடையிலிருந்து அரைக் கிலோ அமுக்கரா (அஸ்வகந்தா) சூரணம் அனுப்பச் சொன்னாய். அப்புறம், ஓட்டப் பயிற்சி முகாமில் உன் அறையில் இருக்கும் சீனியர் அக்கா தரும் மூலிகை மாத்திரையைச் சாப்பிடலாமா என்று கேட்டாய். "எல்லாம் மூலிகைதான்ப்பா, ஊக்கமருந்து டெஸ்ட்ல ஒண்ணும் வராதாம்" என்றாய். நான் "பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். மூன்று தலைமுறையாக நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறவன், பெற்ற மகளுக்கு ஒரு சூரணம் அனுப்ப ஏன் யோசிக்கிறான் என்று உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். அதைப் போனில் சொல்லி முடிக்க எனக்கு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அமுக்கராவின் மேல் எனக்கு நம்பிக்கை போய்விடவில்லை. உன் தாத்தா சூரணம் செய்வதைச் சின்ன வயதில் நீயும் பார்த்திருக்கிறாய். பானையில் பாலும் தண்ணீரும் ஊற்றி, வாயில் வெள்ளைத் துணி கட்டி, அதன்மேல் அமுக்கராத் தூளைப் பரப்பி மூடி வைப்பார். ஆவியில் அது பிட்டு மாதிரி வேகும். பிட்டவியல் என்று அதற்குப் பெயரே உண்டு. பிறகு நிழலில் காயவைத்து மறுபடி இடித்துச் சலிப்பார். கிராம்பு ஒரு பங்கு என்றால் சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. ஒவ்வொன்றும் முன்னதைப் போல் இரண்டு மடங்கு. நான் வாய்ப்பாடு படித்ததே அந்தத் தராசின் முன்னால்தான். உடம்பு தேறவும் தூக்கம் வரவும் எத்தனையோ பேர் அதை வாங்கிப் போய், நன்றாக இருக்கிறது என்று திரும்பி வந்திருக்கிறார்கள்.

நீ கேட்டபிறகு, கடைக்கு வழக்கமாக வரும் சித்த மருத்துவரை இரண்டு நாள் உட்காரவைத்துக் கேட்டேன். ஆராய்ச்சிகள் இருக்கின்றனவாம். 2015இல் வெளியான ஒன்றில் 57 ஆண்கள் எட்டு வாரம் எடைப் பயிற்சி செய்திருக்கிறார்கள். பாதிப் பேருக்கு அமுக்கரா வேரின் சாறு 300 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை; மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. படுத்துக்கொண்டு தூக்கும் எடை அமுக்கரா சாப்பிட்டவர்களுக்குச் சராசரியாக 46 கிலோ கூடியது, மற்றவர்களுக்கு 26 கிலோ. தசையில் ஏற்படும் சேதமும் குறைவாக இருந்ததாம். கேட்டதும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் எடைப் பயிற்சியில் பெரிய பழக்கம் இல்லாத ஆண்கள். தினமும் இரண்டு வேளை ஓடும் 800 மீட்டர் பெண் ஒருத்திகூட அதில் இல்லை. அவர்கள் சாப்பிட்டது அளந்து வடித்த வேர்ச்சாறு. நம் சூரணமோ பாதி சர்க்கரை. இன்னொன்றையும் மருத்துவர் சொன்னார். ஒரு சிலருக்கு அமுக்கராவால் கல்லீரல் பாதிக்கப்பட்டு மஞ்சள் காமாலை வந்ததாகப் பதிவுகள் இருக்கின்றன. தைராய்டு சுரப்பையும் அது கூட்டலாம். டென்மார்க் 2023இல் அதைத் தடையே செய்துவிட்டது. நாற்பது வருடம் விற்ற எனக்கு இது புதுச் செய்தி.

அமுக்கரா ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் இல்லை. அது எனக்குத் தெரியும். என் பயம் நம் கடையின் பின்கட்டில் இருக்கும் அரவை மெஷினைப் பற்றியது. அமுக்கரா அரைப்பதும் அதில்தான், சுக்கு அரைப்பதும் அதில்தான். பக்கத்துக் கடைக்காரர் கொண்டுவரும் சரக்கும் அதில்தான் ஓடுகிறது. அதில் என்ன இருக்கிறது என்று நான் கேட்பதில்லை. துணியால் துடைத்துவிட்டு அடுத்ததைப் போடுவோம். வீட்டு வைத்தியத்துக்கு அது போதும். உன் சிறுநீரைச் சோதிக்கிற டெல்லி ஆய்வகத்துக்கு அது போதாது. ஒரு மில்லிலிட்டரில் நானோகிராம் கணக்கில் தேடுகிறவர்கள் அவர்கள்.

மேல் தட்டில், உன் கைக்கு எட்டக் கூடாது என்று நான் வைத்திருந்த பழுப்புப் புட்டி நினைவிருக்கிறதா? எட்டிக்கொட்டை. பட்டன் மாதிரி தட்டையாக, தொட்டால் பட்டுபோல் வழவழவென்று இருக்கும். சுத்தி செய்து வாதநோய் மருந்துகளில் சேர்ப்பார்கள். அதில் இருக்கும் ஸ்ட்ரிக்னைன் என்ற நஞ்சு, போட்டி நாட்களுக்கான தடைப் பட்டியலில் பெயரோடு இருக்கிறது. 1904இல் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் ஜெயித்த தாமஸ் ஹிக்ஸ் என்பவருக்கு, வழியில் தள்ளாடியபோது அதைத்தான் முட்டை வெள்ளைக்கருவில் கலந்து கொடுத்திருக்கிறார்கள். உயிரோடு முடிவுக்கோட்டைத் தாண்டியதே பெரிது. 2016 ரியோவில் கிர்கிஸ்தான் பளுதூக்கும் வீரர் ஒருவர் வெண்கலத்தை இழந்ததும் இதே ஸ்ட்ரிக்னைனால்தான். மரத்தில் காய்ப்பதுதான் அதுவும். மூலிகை என்பதாலேயே ஒன்று டெஸ்டில் வராது என்று உன்னிடம் சொன்னவர்களுக்கு மூலிகையும் தெரியவில்லை, டெஸ்டும் தெரியவில்லை.

சரி, நீ அனுப்பிய அந்த டப்பா போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் பெயர் நெருஞ்சில். ஆண்மைச் சுரப்பைக் கூட்டும், தசை ஏறும் என்று சொல்லித்தான் ஜிம்களில் இதை விற்கிறார்கள். நம் கடையில் நெருஞ்சில் வாங்குகிறவர்கள் நீர்க்கடுப்புக்கும் கல்லடைப்புக்கும் வாங்குகிறார்கள். அதற்குத்தான் அது பேர்போனது. ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடும் 22 பேருக்கு ஐந்து வாரம் கொடுத்துப் பார்த்து 2007இல் எழுதியிருக்கிறார்கள். பலமும் கூடவில்லை, தசையும் கூடவில்லை, சுரப்பும் மாறவில்லை. நெருஞ்சிலுக்குக் கீழே "மூலிகைக் கலவை 1200 மி.கி." என்று ஒரே வரி. எது எவ்வளவு என்று பிரித்துப் போடவில்லை. செய்தவர் முகவரி இல்லை, பேட்ச் எண் இல்லை. எனக்கு மூட்டை அனுப்புகிற வியாபாரி இப்படி ஒரு சீட்டு எழுதினால் நான் மூட்டையை இறக்கவே மாட்டேன்.

இப்போது எழுதப்போவதை உன் அம்மாவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. நீ மூன்றாம் வகுப்பு படித்த வருடம் ஒருவர் பையோடு கடைக்கு வந்தார். மூட்டுவலிக்கும் உடம்பு ஏறவும் ஒரு பொடி, லேபிள் கிடையாது, வெள்ளை டப்பா. "மூன்று நாளில் பலன் தெரியாவிட்டால் பணம் வாபஸ்" என்றார். நானும் பத்து டப்பா வாங்கி வைத்தேன். மேலூர்ப் பக்கம் இருந்து கபடி ஆடும் ஒரு பையன் வருவான், முழங்கால் வீங்கிப்போய். அவனுக்குக் கொடுத்தேன். மறுநாளே வலி போய்விட்டது என்று ஓடிவந்து இன்னும் இரண்டு வாங்கிக்கொண்டு போனான். எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். எந்த வேரும் ஒரே ராத்திரியில் முழங்கால் வீக்கத்தை வடிக்காது. வந்த சந்தோஷத்தில் நான் யோசிக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து அவன் முகம் பந்து மாதிரி உப்பி, கன்னமெல்லாம் பருவாக வந்து நின்றான். பயந்துபோய்ப் பொடியை நிறுத்தச் சொன்னேன். அதுவும் தப்பு. நிறுத்திய நாலாம் நாள் மைதானத்தில் மயங்கி விழுந்துவிட்டான். வீக்கத்தை வடிக்கும் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது, மாதக்கணக்கில் சாப்பிட்டதால் உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்திவிட்டது, திடீரென்று விட்டதும் தாங்கவில்லை என்று டாக்டர் சொன்னார். பையன் பிழைத்துவிட்டான். ஆனால் பழைய கால் அவனுக்குத் திரும்பவில்லை. இன்றைக்கும் சித்திரைத் திருவிழாவில் எங்காவது பார்த்தால் "அண்ணே" என்று சிரித்துப் பேசுகிறான். எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை. பொடியை விற்றவர் பிறகு வரவே இல்லை. ஆனால் அந்தப் பையன் வாங்கியது அவரிடம் இல்லை, தாயி. என் கையிலிருந்து.

உன் சீனியர் அக்காவும் கெட்ட எண்ணத்தில் தந்திருக்க மாட்டாள். நானும் கெட்ட எண்ணத்தில் தரவில்லை.

2011இல் நடந்தது உங்கள் முகாமில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். 2010 டெல்லி காமன்வெல்த்திலும் குவாங்சோ ஆசியப் போட்டியிலும் 4x400 தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கிய அணி. அதில் ஓடியவர்களில் மூன்று பேரும் வேறு சில பெண்களும் அடுத்த வருடமே தசையேற்றும் ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினார்கள். அந்தப் பிள்ளைகளின் பெயரை எழுத எனக்கு மனம் வரவில்லை. பயிற்சியாளர் கொடுத்த ஜின்செங்கில்தான் கலப்படம் இருந்தது என்று சொன்னார்கள். ஜின்செங் ஒரு வேர், நம் அமுக்கரா மாதிரி. முதலில் ஒரு வருடத் தடை. மேல்முறையீட்டில் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் 2012 ஜூலையில் அதை இரண்டு வருடமாக்கியது. லண்டன் ஒலிம்பிக் போயிற்று. உடம்பில் என்ன போகிறது என்பதற்கு வீராங்கனைதான் பொறுப்பு என்பது சட்டம். யார் கொடுத்தார்கள் என்பதை வைத்துக் காலத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், அவ்வளவுதான். இப்போது தசையேற்றும் ஸ்டீராய்டு என்றால் நான்கு வருடத்திலிருந்துதான் கணக்கைத் தொடங்குகிறார்கள். 2023இல் இந்தியாவில் எடுத்த 5,606 மாதிரிகளில் 213 தேறவில்லை. அந்த 213 பேரில் எத்தனை பேருக்கு ஒரு அக்காவோ அண்ணனோ "மூலிகைதான், சாப்பிடு" என்று சொல்லியிருப்பார்கள் என்றுதான் நான் ராத்திரி படுத்துக்கொண்டு நினைக்கிறேன்.

நீ களைத்துப்போய்த்தான் கேட்டாய் என்று தெரியும். கால் கனக்கிறது, காலையில் எழுந்திருக்க முடியவில்லை, கடைசி 200 மீட்டரில் மூச்சு விட்டுப்போகிறது என்றாய். அதற்குச் சூரணம் தேடும் முன், முகாம் டாக்டரிடம் ரத்தம் சோதிக்கச் சொல். ஹீமோகுளோபின் மட்டும் போதாது, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல். ஓடும் பெண்களுக்கு இரும்புச் சேமிப்பு கரைந்துபோவது சகஜம், ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே கரையும். மாதாமாதம் ஒழுங்காக வருகிறதா என்பதையும் மறைக்காமல் சொல். சாப்பாட்டோடு டீ குடிக்கும் பழக்கத்தை விடு. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடி. கீரையின் மேல் எலுமிச்சை பிழிந்துகொள். மாத்திரை வேண்டும் என்றால் அந்த டாக்டர் எழுதட்டும்.

சமையலறையில் இருப்பதை நான் தடுக்கவில்லை. இஞ்சியை நம்பலாம். 2010இல் அமெரிக்காவில் தினம் 2 கிராம் இஞ்சி பதினொரு நாள் கொடுத்துப் பார்த்ததில், கடும் பயிற்சிக்கு மறுநாள் வரும் தசைவலி கால் பங்கு குறைந்ததாம். மஞ்சள் பாலில் மிளகு போடுவாள் அப்பத்தா. மஞ்சளின் சத்து உடம்பில் சேர்வது மிளகின் சத்தோடு கொடுத்தால் இருபது மடங்கு கூடுகிறது என்று 1998இல் பெங்களூரில் கண்டுபிடித்தார்கள். அது பிரித்தெடுத்த சத்தை வைத்துச் செய்த கணக்கு, ஒரு டம்ளர் பாலுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் இதமாகத் தூக்கம் வரும், குடி. பீட்ரூட் சாறு அரை லிட்டர் ஓடுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு குடித்தால், அதே வேகத்துக்குக் கொஞ்சம் குறைவான பிராணவாயு போதும் என்கிறார்கள். உன்னைப் போல் நன்றாகப் பழகிய உடம்புக்குப் பலன் குறைவுதான். முதல் தடவை பயிற்சி நாளில் பார், போட்டி நாளில் வேண்டாம். அன்றைக்குக் கிருமி கொல்லும் மவுத்வாஷால் வாய் கொப்பளிக்காதே. நாக்கில் இருக்கும் கிருமிகள்தான் அந்தச் சாற்றை வேலை செய்ய வைக்கின்றன. சிறுநீர் சிவப்பாகப் போனால் பயப்படாதே.

மெஸ்ஸில் கசகசா அரைத்த குருமா போட்டால், போட்டி வாரத்தில் ஒதுக்கிவிடு. கசகசாவில் அபினின் சாயல் கொஞ்சம் ஒட்டியிருக்கும், அது சோதனையில் தெரியக்கூடும்.

அந்த டப்பாவை அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிடு. சண்டை வேண்டாம். அப்பா வேண்டாம் என்கிறார் என்று என் மேல் பழியைப் போடு. அவளும் சாப்பிடுகிறாள் என்றால் இந்தக் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டு. நிறுத்துவதென்றால் அவள் டாக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்தட்டும். அந்தக் கபடிப் பையனை நினைத்துத்தான் சொல்கிறேன்.

அம்மா எள்ளுருண்டை நாற்பது பிடித்து வைத்திருக்கிறாள். உளுந்தங்களி மாவு ஒரு கிலோ, கருப்பட்டி, வேர்க்கடலை. எதுவும் கடை மெஷினில் அரைக்கவில்லை. உளுந்தை வறுத்து வீட்டுத் திருகையில் அம்மாவே அரைத்தாள். தோள்பட்டை வலிக்கிறது என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வியாழக்கிழமை பார்சல் போடுகிறேன். பட்டியாலா வந்து சேர ஐந்தாறு நாள் ஆகும். கிடைத்ததும் போன் பண்ணு, ரத்தச் சோதனை என்ன சொல்லுது என்பதையும் சேர்த்துச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா