நோயாளியை மேலே அனுப்பாதீர்கள், மாத்திரையைக் கீழே அனுப்புங்கள்

மதிப்பிற்குரிய மாவட்டச் சுகாதார அதிகாரிகளுக்கு,

வணக்கம். பந்தலூர் பக்கம் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அரிவாள் செல் நோய்க்கான மாத்திரை ஹைட்ராக்ஸியூரியா மறுபடியும் தீர்ந்துவிட்டது. "ஸ்டாக் இல்லம்மா, ஊட்டிக்குப் போய் வாங்கிக்கோங்க" என்று என் தங்கையையும் அவள் மகளையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிள்ளைக்கு ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் இந்தப் பரம்பரை நோய் இருப்பது உங்கள் பதிவேட்டிலேயே இருக்கிறது.

குளிர் பட்டால் இந்த நோயில் வலி கிளம்பும். உங்களுக்குத் தெரியாததல்ல. பஸ் மலையேறி நடுவட்டம் தாண்டும்போதே பிள்ளை இரண்டு ஸ்வெட்டருக்குள் சுருண்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். ஊட்டியில் இறங்கியபோது காலை ஊன்ற முடியவில்லை. வலி வராமல் இருக்கத்தான் மாத்திரை. அதை வாங்கப் போன வழியிலேயே வலி வந்துவிட்டது. தங்கைக்கு அன்றைய தோட்டக் கூலியும் போச்சு.

மாத்திரையை எங்கள் சுகாதார நிலையத்துக்கே அனுப்புங்கள். கேட்பது அவ்வளவுதான்.

இந்த நோயில் பழுது 11-ஆம் குரோமோசோமில், ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை உண்டாக்கும் பீட்டா குளோபின் மரபணுவில். மருந்து தொடுவதோ வேறொன்றை. ஆர்ஆர்எம்1, ஆர்ஆர்எம்2 மரபணுக்களின் புரதங்கள் சேர்ந்த ரிபோநியூக்ளியோடைடு ரிடக்டேஸ் என்ற நொதிதான் டி.என்.ஏ.வுக்குச் செங்கல் அறுத்துக் கொடுக்கிறது. ஹைட்ராக்ஸியூரியா அதைத் தடுக்கிறது. அந்த மருந்தால் கருவில் இருந்தபோது உருவான வகை ஹீமோகுளோபின் மறுபடி கூடுகிறது, சிவப்பணுக்கள் வளைவது குறைகிறது. விடாமல் சாப்பிட்டால்தான் பலன். எலும்பு மஜ்ஜையை அடக்கும் மருந்து என்பதால் வெள்ளணு, தட்டணு எண்ணிக்கையையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். அதற்கும் ஊட்டிதானா?

இந்தியாவில் அரிவாள் செல் முதன்முதலில் பதிவானதே நீலகிரிப் பழங்குடிகளிடம், 1952-இல். 2023-இல் தேசிய ஒழிப்புத் திட்டம் வந்தது, 2047-க்குள் ஒழிப்பார்களாம். சந்தோஷம். ரத்தம் எடுத்தார்கள், பரிசோதனை முடிவைச் சொல்லும் கலர் அட்டை கொடுத்தார்கள், ஜூன் 19, உலக அரிவாள் செல் தினம் ஆனால் பேனர் கட்டி போட்டோ எடுக்கிறார்கள். பேனருக்கு மட்டும் எந்த வருஷமும் ஸ்டாக் தீர்ந்ததில்லை. அட்டையைக் கரைத்துக் குடித்தால் வலி நிற்குமா என்று எங்கள் காலனிப் பாட்டி ஒருவர் கேட்டார். நான் என்ன சொல்ல?

சரி, கோபத்தில் பேச்சு நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். மழை பிடித்தால் மண் சரிந்து ரோடு அடைபடும். அதற்குள் எங்கள் நிலையத்தில் ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு மாதத்துக்கான கேப்ஸ்யூல் இருப்பு வையுங்கள், ரத்த அணுப் பரிசோதனையையும் அங்கேயே செய்துகொடுங்கள். தயவுசெய்து மாத்திரையைக் கீழே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பிள்ளையின் பெரியம்மா, பந்தலூர்