களுதாவளைத் தோட்டத்துக்கு வயல் களி

அன்புள்ள சிவா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததை அறிந்து வீட்டில் எல்லாருக்கும் சந்தோசம். இங்கே பெரும்போக வேளாண்மை குடலைப் பருவத்தில் நிற்கிறது. மழையும் இதுவரை அளவாகத்தான். சின்னவள் உயர்தரத்துக்கு உயிரியல் எடுத்திருக்கிறாள், நீ பயந்தது போல கணக்கை வெறுத்து அல்ல, விருப்பப்பட்டுத்தான்.

சரி, நீ கேட்ட விசயத்துக்கு வருகிறேன். களுதாவளைத் தோட்டத்து மணலில் தண்ணீர் நிற்குதில்லை, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து நாலைந்து லோட் வயல் களி ஏற்றிக் கலந்தால் என்ன, அத்தனை வருடம் வயலில் அடித்த களை, பூச்சி மருந்தும் கூடவே வந்துவிடுமா என்று கேட்டிருக்கிறாய். வரும்தான். ஆனால் என்ன மருந்து, என்ன களி என்பதைப் பார்க்க வேண்டும்.

களிமண் துகள் மெல்லிய தட்டுகளால் ஆனது. அந்தத் தட்டுகளின் முகத்தில் மறை ஏற்றம், அதாவது எதிர் மின்னேற்றம், இருக்கிறது. மொன்மொரிலனைற்று வகைக் களியில் ஒரு தட்டின் தடிப்பு ஏறத்தாழ 1 நனோமீற்றர்தான். ஒரு கிராமை விரித்தால் 700, 800 சதுர மீற்றர் பரப்பு வரும். நனைந்தால் உப்பி, காய்ந்தால் விரல் போகும் அளவுக்கு வெடிக்கிற களி பெரும்பாலும் இந்த வகை. இன்னொரு வகைக் களியான கயோலினைற்றுக்கு இந்தப் பரப்பும் ஏற்றமும் மிகக் குறைவு.

பரகுவாட் என்ற களைக்கொல்லிக்கு இரண்டு நேர் ஏற்றம். மூலக்கூறும் தட்டை. தட்டுகளுக்கு இடையே புகுந்து படிந்துவிட்டால் அதைப் பிரிப்பது மகா கஷ்டம். அதனால்தான் அதை அடித்த நிலத்தில் உடனேயே விதைத்தாலும் பயிர் முளைத்தது. பரகுவாட் குடித்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு வகைக் களியைக் கரைத்துக் கொடுத்ததும் இந்த ஒட்டும் குணத்தை நம்பித்தான். அப்படிக் கொடுத்தும் எத்தனை பேரைக் காப்பாற்ற முடியாமல் போனது! 2008 இல் தொடங்கிப் படிப்படியாக அதை நாட்டில் தடை செய்தது நல்ல வேலை. ஆனால் ஒட்டிக்கொண்டது அழிந்துபோவதில்லை. தட்டுகளுக்குள் இருப்பதை நுண்ணுயிர்கள் தொட முடியாது, ஆகவே வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். பயிருக்கு அதிலிருந்து பெரிய தொல்லை இல்லை.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லி வேறு மாதிரி. அது ஒட்டுவது தட்டின் விளிம்பிலும், களியோடு இருக்கிற இரும்பு, அலுமினிய ஒட்சைட்டுகளிலும். பொஸ்பேற்று ஒட்டுவதும் அதே இடத்தில்தான். அதனால் ரி.எஸ்.பி. என்கிற பொஸ்பேற்று உரத்தை அள்ளிப் போட்டால், பொஸ்பேற்று அந்த இடத்தைப் பிடித்துக் கொஞ்சம் கிளைபோசேட்டைத் தண்ணீருக்குள் தள்ளிவிடலாம். கிணற்றடியில் இதை நினைவில் வை.

எனக்கு அதிகம் பயம் எம்.சி.பி.ஏ. போன்ற களைக்கொல்லிகளில்தான். மண்ணில் அதற்கு மறை ஏற்றம், களிக்கும் மறை ஏற்றம். ஒன்றையொன்று தள்ளும். களி அதைப் பிடிக்காது, தண்ணீர் போகிற பக்கம் அதுவும் போகும். களுதாவளை இருக்கிற எழுவான்கரை மணலில் கிணற்று நீர் எவ்வளவு மேலே நிற்கிறது என்று உனக்குத் தெரியும். நல்லவேளையாக, காற்றுப் படுகிற மண்ணில் அது சில வாரங்களில் பெருமளவு சிதைந்துவிடும். ஆகவே ஏற்றி வந்த களியை உடனே கலக்காதே. கிணற்றுக்குத் தள்ளி, மழை படாமல் மூடிக் குவித்து வை, இடைக்கிடை ஈரப்படுத்திப் புரட்டிப் போடு. பிறகு கலக்கும்போது மக்கிய சாணமும் சேர். பழைய பூச்சிமருந்தான டி.டி.ரி. போல ஏற்றமில்லாத, தண்ணீரை வெறுக்கும் சாமான்களைப் பிடிப்பது களியை விட மக்கிய சாணம் போன்ற உக்கல்தான்; ஈரமான களியின் முகத்தைத் தண்ணீரே மூடிக்கொள்வதால் அவற்றுக்கு அங்கே இடம் கிடைப்பது குறைவு.

இன்னொன்று மனதை அரிக்கிறது. மார்கழி வெள்ளத்தில் வயல்களிலிருந்து கலங்கல் தண்ணீர் வாவிக்குள் இறங்குகிறதே, அதில் போவது இந்தக் களிதான். தான் பிடித்து வைத்ததையும் சுமந்துகொண்டுதான் போகும். உவர் நீரைத் தொட்டதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் படியும். இறால் மேய்கிற சேறு அதுதான். வரம்பை வெட்டிவிடாமல், மருந்து அடித்த பிறகு சில நாளாவது தண்ணீரைக் கட்டி வைக்கச் சொல்லி எங்கள் வட்டையில், அதாவது வயல்வெளியில், ஒவ்வொருவரிடமும் கேட்டு வருகிறேன். சிலர் கேட்கிறார்கள்.

எந்த வட்டையில் களி எடுக்கப்போகிறாய், போன போகத்தில் அங்கே என்ன மருந்து அடித்தார்கள் என்று விசாரித்து எழுது. அதைப் பார்த்துத்தான் எத்தனை நாள் ஆறப்போடுவது என்று சொல்ல முடியும்.

அன்புடன்,
ரவி