ஜூலை மாதத்தை இளையோருக்குத் தாருங்கள்: எங்கள் பங்குப் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

அன்புக்குரிய பங்குத்தந்தைக்கும் பேரவை உறுப்பினர்கள் அனைவருக்கும், இயேசுவுக்கே புகழ்!

போன மே மாதம் இளையோர் முகாமுக்கு 60 பேருக்குச் சமைத்தோம். வந்தவர்கள் 22 பேர். மீந்த சோற்றைப் பார்த்துவிட்டு, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கோயில்மேல் பற்றே இல்லை" என்று நம்மில் ஒருவர் சொன்னார். இளையோர் வழிகாட்டியாக நான் அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். மனது கனத்துப்போய்ப் பேசாமல் வந்துவிட்டேன். அதனால்தான் இந்த மடல்.

வராத பையன்களில் பெரும்பாலோர் அன்று கடலில் இருந்தார்கள். ஆழ்கடலுக்குப் போனால் கரை திரும்ப முப்பது, நாற்பது நாள்கூட ஆகிறது. இது உங்களுக்குத் தெரியாததல்ல. உங்களில் பலர் அதே கடலில் அதே வயதில் கிடந்தவர்கள். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கின்றன. பையன்கள் மாலையானால் கோயில் முற்றத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கென்று ஒரு நிகழ்ச்சிகூட அந்த இரண்டு மாதத்தில் நம்மிடம் இல்லை. பள்ளி விடுமுறையை வைத்து மே மாதத்தில் தேதி குறித்துவிடுகிறோம். மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு அது சரி. படகில் போகிறவனுக்கு?

பெண் பிள்ளைகள் விஷயம் வேறு. கூட்டத்தை இரவு எட்டு மணிக்கு வைத்தால் எந்த அம்மா அனுப்புவார்? ஞாயிறு காலைத் திருப்பலி முடிந்ததும் அரை மணி நேரம் கூடத்தைக் கொடுங்கள் என்று இரண்டு முறை கேட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு நாள் இரவு பதினொரு மணிக்குக் கொச்சியிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். மீன் இறக்கிவிட்டு வந்திருந்தான். 2017இல் ஒக்கிப் புயலில் அவன் அப்பா போனார், உடல் கிடைக்கவில்லை. "அண்ணா, அம்மா இப்போதும் கல்லறைத் திருநாளன்று வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. மெழுகுதிரி ஏற்ற ஒரு கல்லறை இல்லையே. நீங்கள் ஒருதடவை போய்ப் பாருங்கள்" என்றான். ஒரு விவிலிய வசனமும் எனக்கு வாயில் வரவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தேன். மறுநாள் வேலைக்கு அரை நாள் விடுப்புப் போட்டு அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். என் பணியில் பெரும்பகுதி இப்படித்தான் கழிகிறது. முகாமுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுகிற நாம், இவனைப் பற்று இல்லாதவர் கணக்கில் சேர்க்கலாமா?

திருவிழாவுக்குப் பந்தல் போடவும் தேர் இழுக்கவும் இரவுக் காவலுக்கும் இவர்களைத்தான் கூப்பிடுகிறோம். கணக்கு வாசிக்கும் கூட்டத்துக்கு இவர்களில் ஒருவரையும் கூப்பிட்டதில்லை. 2018இல் உரோமையில் ஆயர் மாமன்றம் இளையோரைப் பற்றியே கூடியது. அடுத்த ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய 'கிறிஸ்து வாழ்கிறார்' ஏட்டில், இளையோர் பணியைச் செய்ய வேண்டியவர்கள் இளையோரேதான், பெரியவர்கள் உடன் நடந்து வழிகாட்ட வேண்டும் என்கிறார். திருச்சபைச் சட்டம் 536இன்படி பங்குப் பேரவையே ஆலோசனை சொல்லும் அமைப்புதான். அந்த ஆலோசனையில் இருபது வயதுக்காரர் இருவரின் குரலும் சேரட்டும். ஒருவர் படகில் போகிறவராகவும், ஒருவர் பெண்ணாகவும் இருந்தால் நல்லது.

அடுத்த கூட்டத்திலேயே ஜூலை இரண்டாம் வாரத்தை முகாமுக்கு ஒதுக்குங்கள். வீடு வீடாகப் போய்க் கூப்பிடுவது என் பொறுப்பு. அரிசியை 60 பேருக்கே போடுவோம்.

அன்புடன்,
உங்கள் பங்கின் இளையோர் வழிகாட்டி