அடிப்பக்கம் ஒரு போட்டோ

கோவில்பட்டி

அன்பு மகன் குமாருக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டுவலி பரவாயில்லை.

நைரோபியில் கார் வாங்கிவிட்டதாகச் சந்தோஷமாகச் சொன்னவன், உடனே குரலைத் தாழ்த்தி "செகண்ட் ஹேண்ட்தான்ப்பா" என்றாயே, எனக்குச் சிரிப்புதான் வந்தது. முப்பது வருஷமாக ஊரார் ஓட்டித் தேய்த்த வண்டிகளைத்தான் பிரித்து மாட்டினேன். நீ படித்ததே அந்தக் காசில்தான்.

உங்கள் கென்யாவில் ஜோகிந்தர் சிங் என்று ஒருவர் இருந்தார். 1932இல் கெரிச்சோவில் பிறந்த சர்தார்ஜி. அப்பாவின் ஒர்க்‌ஷாப்பில் தொழில் பழகிய மெக்கானிக். அங்கே நடக்கிற நெடுந்தூரக் கார் பந்தயமான சஃபாரி ராலியில் 1965இல் அவர் ஜெயித்தது ஒரு வால்வோ பிவி 544 காரில். அதுவும் புது வண்டி இல்லை. முந்தைய வருஷம் கம்பெனி அணி ஓட்டிவிட்டு விற்ற வண்டி! பக்கத்து சீட்டில் உடன்பிறந்த ஜஸ்வந்த். அண்ணன் தம்பி இரண்டு பேரும் அந்தப் பழைய வண்டியில் போய் முதலிடம் வாங்கி வந்தார்கள்.

அந்தக் காலத்தில் அந்த ராலி ஈஸ்டர் சமயத்தில் நடக்கும். அங்கே அது மழைக்காலம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர், அதுவும் லாரியும் மாடும் போகிற சாதாரண ரோட்டிலேயே. மண் எப்படி என்கிறாய்? நம்ம கரிசல்தான். மழையில் நனைந்தால் மட்கார்டுக்குள் அப்பி அப்பி, கடைசியில் சக்கரமே சுற்றாது. எட்டயபுரம் பக்கம் அம்பாசடர் ஒன்று அப்படி மாட்டி, நீயும் நானும் கடப்பாரையால் மண்ணைக் குத்தி எடுத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? உன் ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் கிடக்கும். 1968இல் கிளம்பிய தொண்ணூற்றுச் சொச்சம் வண்டிகளில் ஊர் வந்து சேர்ந்தது ஏழே ஏழு. அந்த ஏழில் ஜோகிந்தரும் ஒருவர்.

1974இல் மிட்சுபிஷி லேன்சரில் மறுபடி ஜெயித்தார். 1600 சிசி, சின்ன வண்டி. இரண்டாவதாக வந்தது போர்ஷே! 1976இலும் லேன்சர், அதிலும் அவரே. 2013இல் லண்டனில் காலமானார்.

மூன்று தடவை ஜெயித்ததை எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு கணக்கு. 22 தடவை சஃபாரியில் கிளம்பி 19 தடவை கடைசிவரை ஓட்டி முடித்திருக்கிறார். ஒரு சத்தம் கேட்டாலே வண்டியில் எந்த பாகம் தேய்ந்து போகிறது என்று தெரிகிற ஆளுக்குத்தான் அது முடியும். மெக்கானிக் புத்தி, வேறென்ன. கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்கிறேன், சொல்லிக்கொள்கிறேனே.

சரி, மார்ச்சில் மழை பிடிக்குமுன் வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, ஸ்டியரிங் ராடு, ஷாக் அப்சார்பர், பிரேக் ஓஸ் எல்லாம் நீயே நின்று பார். டிக்கியில் ஜாக்கி இருக்கிறதா? ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா?

அம்மா வண்டி போட்டோ கேட்கிறாள். அவளுக்கு முன்பக்கம் அனுப்பு. எனக்கு அடிப்பக்கம்.

அன்புடன்,
அப்பா