26 இன்னிங்ஸ் வீசியும் வெற்றிக் கணக்கில் வராத இருவர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க பேஸ்பாலின் பழைய காலப் பந்துவீச்சாளர்களைப் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ஆனால், யார் எத்தனை ஆட்டங்களை வென்றார் (அணி வென்றால் அந்த வெற்றி அதன் பந்துவீச்சாளர் ஒருவரின் கணக்கில் எழுதப்படும்) என்ற ஓர் எண்ணை மட்டும் வைத்து அவர்களை வரிசைப்படுத்தியிருந்தது எனக்கு வருத்தம் அளித்தது. அந்த அளவுகோலின் குறையை அறிய 1920 மே 1 அன்று பாஸ்டன் நகரின் பிரேவ்ஸ் மைதானத்தில் நடந்த ஓர் ஆட்டமே போதும்.

அன்று புரூக்ளின் ராபின்ஸ் அணிக்கு லியான் கடோரும், பாஸ்டன் பிரேவ்ஸ் அணிக்கு ஜோ ஓஷ்கரும் பந்து வீசினர். பேஸ்பாலில் இரு அணிகளும் ஒருமுறை மட்டை பிடிக்கும் சுற்றே ஓர் இன்னிங்ஸ்; மூவர் அவுட்டானால் ஓர் அணியின் முறை முடியும். ஐந்தாவது இன்னிங்ஸில் புரூக்ளின் ஒரு ரன் எடுத்தது. ஆறாவதில் பாஸ்டன் அதைச் சமன் செய்தது. வழக்கமான ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் வெற்றி யாருக்கும் கிட்டாததால் ஆட்டம் நீண்டுகொண்டே போனது. ஒன்பதாவதில் பாஸ்டனுக்கும், பதினேழாவதில் புரூக்ளினுக்கும் ரன் எடுக்கக் கடந்து வர வேண்டிய மூன்று தளங்களிலும் ஆட்கள் நின்றபோதுகூட, ஒரே வீச்சில் இருவர் அவுட்டாகி வாய்ப்பு நழுவியது. ஆறாவதுக்குப் பிந்தைய இருபது இன்னிங்ஸிலும் ஒரு ரன்கூட விழவில்லை. மைதானங்களில் மின்விளக்கு இல்லாத காலம் அது. அமெரிக்காவின் உயர்மட்ட பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில் முதல் இரவு ஆட்டம் நடந்ததே 1935-இல்தான். எனவே 26-ஆவது இன்னிங்ஸின் முடிவில் இருள் சூழ்ந்ததால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். அத்தனைக்கும் ஆன நேரம் 3 மணி 50 நிமிடங்கள்தான்.

இருவரும் மாற்று வீச்சாளர் எவருமின்றி 26 இன்னிங்ஸையும் தாமே வீசி முடித்தனர் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. கடோர் கொடுத்த ஹிட்கள் (எதிரணியினர் பந்தை அடித்துத் தளத்தை எட்டிய அடிகள்) 15, ஓஷ்கர் கொடுத்தவை 9. கடைசி ஒன்பது இன்னிங்ஸில், அதாவது ஒரு முழு ஆட்டத்தின் அளவுக்கு, ஓஷ்கர் ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. அவர்கள் எத்தனை பந்துகள் வீசினர் என்பதை அக்காலத்தில் எவரும் எண்ணிக் குறித்துவைக்கவில்லை. அது பெரிய இழப்பு.

ஆட்டம் சமனில் முடிந்தாலும் தனிநபர் கணக்குகள் அழிவதில்லை. பாஸ்டனின் சார்லி பிக் 11 முறை மட்டை பிடித்தும் ஒரு ஹிட்கூட எடுக்காதது பதிவில் இருக்கிறது. முதல் தளத்தில் நின்ற வால்டர் ஹோல்க் 42 பேரை அவுட்டாக்கியதும் இருக்கிறது. பந்துவீச்சாளர்களின் வெற்றி–தோல்விப் பத்திகளில் மட்டும் அந்த நாளின் சுவடே இல்லை. அவ்வாண்டு கடோருக்கு 15 வெற்றி, 14 தோல்வி. ஓஷ்கருக்கு 15 வெற்றி, 13 தோல்வி. தம் வாழ்நாளின் மிகச் சிறந்த உழைப்பை அவர்கள் வெளிப்படுத்திய ஆட்டம் இந்த எண்களுக்குள் இல்லை. மாறாக, ஐந்தாறு ரன்களை வாரிக் கொடுத்தும், தம் அணி அதைவிடக் கூடுதலாக அடித்ததால் வென்ற வீச்சாளருக்கு அதே பத்தியில் ஒரு வெற்றி சேர்ந்துவிடும்.

இனி இத்தகைய பட்டியலை வெளியிடும்போது, வெற்றிகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வீசிய இன்னிங்ஸையும் கொடுத்த ரன்களையும் சேர்த்து அச்சிடுமாறு தங்களைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி