பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தராதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கோத்தகிரியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு விவாகரத்து வழக்கு. இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் யாரிடம் இருப்பது என்பதில்தான் இழுபறி. ஊட்டி கோர்ட்டுக்குக் கிளம்பும் முன் என் வீட்டுக் கட்டிலில் காகிதங்களைப் பரப்பினாள்: தடுப்பூசி அட்டை, பள்ளிக் கட்டண ரசீதுகள், வீசிங் மருந்துச் சீட்டு, தேயிலை ஃபேக்டரி சம்பளச் சீட்டு. அன்றாடம் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது யார் என்று இவைதான் பேசும். புருஷனைத் திட்டிய வாட்ஸ்அப் பேசாது.

ஐந்து வயது நிறையாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் என்கிறது 1956-ம் ஆண்டு இந்து மைனர், காப்பாளர் சட்டம். எந்த வயதானாலும் குழந்தையின் நலனே முதன்மை. பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும், 15100 என்ற போன் நம்பரில் கேட்கலாம். இவளுக்கு அது தெரிவதற்குள் கம்மல் அடகுக்குப் போய்விட்டது.

என் மனம் ஆறாதது வேறொன்று. "அப்பா வேணாம்னு சொல்லு" என்கிறார் ஒரு பாட்டி. "அம்மா அடிப்பாங்கன்னு சொல்லு" என்கிறார் அத்தை. போன வாரம் அந்தக் குழந்தை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு பேரும் வேணும்னு சொன்னா ஜட்ஜ் திட்டுவாங்களா பாட்டி?" என்று கேட்டது.

பெரியவர்களே, தயவுசெய்து அந்தப் பிள்ளையை விட்டுவிடுங்கள்.

ஒரு வாசகி,
கோத்தகிரி