அந்தத் தாயை உயிரோடு வை

கானாடுகாத்தான்,
ஐப்பசி மாதம்

அன்புள்ள உமையாளுக்கு,

ஆத்தா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய நாவலைக் காரைக்குடியில் அச்செடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு வாங்கிவந்து, ஒரு பக்கம் விடாமல் படித்து முடித்துவிட்டேன். அதை அனுப்பிய பிறகு நீ என்னோடு நின்று பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை அழைக்கிறாய், மாத்திரை போட்டீர்களா என்று அப்பச்சியிடம் கேட்கிறாய், நான் போனை வாங்குவதற்குள் உனக்கு வேறு வேலை வந்துவிடுகிறது. நான் என்ன சொல்லப்போகிறேனோ என்று நீ அஞ்சுவதாக எனக்குத் தோன்றுகிறது. ஆகவே கதையைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன். வேறெதையும் நான் கேட்கவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உனக்கு எழுத்து கைவந்திருக்கிறது. 1942-இல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தபோது, காட்டு வழியாக இந்தியாவுக்கு நடந்து வந்த கூட்டத்திலிருந்து ஒரு பதினேழு வயதுப் பெண்ணை எடுத்துக் காட்டேரி ஆக்கி, அவளை இன்று நம் பக்கத்து வீடொன்றின் வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாயே, அந்தத் துணிச்சல் எனக்குப் பெருமையாக இருக்கிறது. கொடுத்த கடனுக்கு ஈடாகப் பர்மாவின் நெல் வயல்கள் நம்மவர் கைக்கு வந்ததையும், 1930-களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால் பங்கு நிலம் செட்டியார்களிடம் இருந்ததையும் நீ மூடி மறைக்கவில்லை. இரத்தம் குடிப்பவள் என்று அந்த வீட்டுப் பெரியவர் முகம் சுளிக்கும்போது, அவள் பதில் சொல்லாமல் திண்ணையின் பர்மாத் தேக்குத் தூணைத் தடவிக்கொண்டு நிற்கும் இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஐயா பர்மாக் கதை சொன்னபோதெல்லாம் உன் கவனம் பல்லாங்குழியில்தான் இருந்தது என்று நினைத்திருந்தேன்.

அப்பச்சியும் படித்தார். உன் கதாநாயகி முகப்பிலிருந்து வளவுக்கு வராமல் நேரே இரண்டாங்கட்டுக்குப் போவதாக எழுதியிருப்பது தவறு என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. படிக்கும்போது அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எந்தப் பக்கத்திலும் அது மாறவில்லை என்பதையும் உனக்குத் தெரிவிக்கிறேன்.

உன் கதை எந்த வழியில் வந்தது என்று அறிந்துகொள்வதற்காக, அயர்லாந்துக்காரர் ஷெரிடன் லெ ஃபானு எழுதிய ‘கார்மில்லா’ என்ற காட்டேரிக் கதையைத் தேடிப் படித்தேன். 1871, 72-இல் பத்திரிகைத் தொடராக வந்த கதை அது. 1897-இல் வந்த ‘டிராகுலா’வுக்குக் கால் நூற்றாண்டு மூத்தது. ஆஸ்திரியாவின் ஸ்டிரியா பகுதிக் காட்டுக் கோட்டையில் தந்தையோடு தனித்து வளரும் லாராவின் வீட்டுக்கு, வண்டி கவிழ்ந்த ஒரு மாலையில், மூன்று மாதம் வைத்துக்கொள்ளும்படி விட்டுச்செல்லப்படுகிறாள் கார்மில்லா. அவர்களுக்கு இடையே வளர்வது அச்சமா ஏக்கமா என்று லாராவாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. கடைசியில் பெரியவர்கள் கூடுகிறார்கள். கல்லறையைத் திறந்து, நெஞ்சில் கழு அடித்து, தலையைத் துண்டித்து, எரித்து, சாம்பலை ஆற்றில் விடுகிறார்கள். தந்தை, தளபதி, மருத்துவர்கள், அரசு அனுப்பிய அதிகாரிகள் என்று எல்லோரும் அந்த முடிவில் இருக்கிறார்கள். உனக்கு என்னம்மா வேண்டும் என்று லாராவிடம் கேட்பதற்கு ஒருவர்கூட இல்லை.

அந்த ஒருவராக அவளுடைய தாய் இருந்திருக்கலாமே என்று தேடினேன். லாரா குழந்தையாக இருக்கும்போதே தாய் இறந்துவிட்டாள். ஓர் இரவில் மட்டும், கொலைகாரியிடம் எச்சரிக்கையாக இருக்கும்படி உன் தாய் சொல்கிறாள் என்று இருட்டில் ஒரு குரல் கேட்கிறது. தாய்க்கு அந்தக் கதை கொடுத்த பேச்சு அவ்வளவே.

உமையாள், உன் கதையிலும் தாய் இல்லை. முதல் அத்தியாயத்திலேயே மஞ்சள் காமாலையில் இறந்துவிடுகிறாள். அவளுடைய சாவிக்கொத்து மட்டும் மகளின் இடுப்புக்கு வருகிறது. இளையோர் நாவல்களில் பெற்றோர் வீட்டில் இல்லாமல் போவது வழக்கந்தான், பிள்ளைகள் தாமாக முடிவெடுக்க அது வசதி என்று நீ சொல்வாய். பள்ளியில் காலமெல்லாம் ஆங்கிலம் நடத்தியவளுக்கு அது தெரியாததல்ல. ஆனாலும் பெரியவர், அயித்தை, கோயில் காரியக்காரர், சமையற்கட்டு ஆச்சி உட்பட அத்தனை பேருக்கும் அந்தக் காட்டேரிப் பெண்ணைப் பற்றிச் சொல்ல ஆளுக்கொரு வார்த்தை வைத்திருக்கிறாய். தாய்க்கு மட்டும் வைக்கவில்லை. அவள் என்ன சொல்வாள் என்று எழுத உனக்கு அச்சமாக இருந்ததா? எல்லோரையும்விடக் கடுமையாக அவள்தான் பேசுவாள் என்று முடிவு செய்துவிட்டாயா? கதையைப் பற்றித்தான் கேட்கிறேன்.

இப்போது வரும் கதைகளையும் பார்க்காமல் இல்லை. 2020-இல் வெளிவந்த இளையோர் தொகுப்பொன்றில் வி. இ. ஷ்வாப் எழுதிய ‘ஃபர்ஸ்ட் கில்’ சிறுகதையையும், 2022-இல் நெட்ஃபிளிக்ஸில் எட்டுப் பகுதிகள் ஓடி ஒரே பருவத்தோடு நிறுத்தப்பட்ட அதன் தொடரையும், உன் அம்மான் மகள் உதவியால் பார்த்தேன். காட்டேரிக் குடும்பத்துப் பெண்ணும் வேட்டைக்காரக் குடும்பத்துப் பெண்ணும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். அதில் இருவருக்கும் தாய் உண்டு. இரண்டு தாய்மாரும் ஆளுக்கொரு பக்கம் ஆயுதத்தோடு நிற்கிறார்கள். இறந்துபோன தாய் ஒருபுறம், எதிர்த்து நிற்கும் தாய் மறுபுறம். நடுவில் ஒருத்தி இருக்க முடியாதா?

இதற்கிடையில் ஆசிரியையாக ஒன்று சொல்லவேண்டும். 2005-இல் வந்த ‘டுவைலைட்’ நாவலின் காட்டேரி நாயகன் 1918-இலிருந்து பதினேழு வயதிலேயே நிற்பவன். ஏறத்தாழ நூறு ஆண்டு உலகத்தைப் பார்த்துவிட்ட ஒருவன் பள்ளிக்கூடப் பிள்ளையைக் காதலிப்பது எனக்கு அப்போதும் பிடிக்கவில்லை, இப்போதும் பிடிக்கவில்லை. உன் கதையில் அந்தப் பெண்ணை இத்தனை காலமும் அடைத்த அறையில் தூங்கவைத்து, விழித்திருந்த வயது பதினேழுதான் என்று ஆக்கியிருப்பது நல்ல யோசனை. ஆனால் அது நூறாம் பக்கத்துக்குப் பிறகுதான் தெரிகிறது. அதை முன்னால் கொண்டுவா. படிப்பவர்களும் அந்த வயதுப் பிள்ளைகள்தாம் என்பதை மறக்காதே.

அடுத்தது வாசல். அழைக்காத வீட்டுக்குள் காட்டேரி நுழைய முடியாது என்ற விதியை ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நாவலும் சொல்கிறது. நீ அதை வைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாக அந்தப் பெண்ணை நிலைவாசலுக்கு வெளியே நிற்கவைத்திருக்கிறாய். மேலே கஜலட்சுமி, கீழே இவள், கையில் ஒரு தகரப்பெட்டி. பார்க்கப் பரிதாபமாக இருக்கிறது. ஆனால் இது செட்டிநாட்டில் நடக்குமா? நம் வீடுகளில் வாசலில் ஒரு முகம் தெரிந்தால், பேரேடு பார்த்துக்கொண்டிருப்பவர் முதல் கீரை ஆய்ந்துகொண்டிருப்பவர் வரை ஒவ்வொருவரும் ‘வாங்க’ என்று தனித்தனியே சொல்லமாட்டார்களா? ஒருவர் சொல்ல விட்டுப்போனாலும் அதைப் பல காலம் மனத்தில் வைத்திருக்கும் மனிதர்கள் அல்லவா நாம்? அந்த வீட்டில் அதைச் சொல்ல ஓர் ஆள்கூட இல்லாமல் போனதற்கு ஒரே காரணம், நீ தாயைக் கொன்றுவிட்டதுதான். அவளை உயிரோடு வை. மகள் யாரோடு நிற்கிறாள் என்பதை அவள் முகப்பிலிருந்து பார்க்கட்டும். உடனே புரிய வேண்டாம். இரவெல்லாம் தூங்காமல் கிடக்கட்டும், ஊர் என்ன சொல்லும் என்று அஞ்சட்டும், மகள்மீது கோபங்கூடப் படட்டும், அவளைத் தெய்வமாக்கிவிடாதே. ஆனால் விடிவதற்குள் எழுந்து வந்து ‘வாங்க’ என்று சொல்பவள் அவளாக இருக்கட்டும். சொன்ன பிறகு என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்பாள், அந்தப் பெண் என்ன பதில் சொல்வாள் என்பது எனக்குத் தெரியவில்லை. அதை நீ எழுது.

கடைசி அத்தியாயத்தைப் பற்றி எழுதத்தான் எனக்குக் கை நடுங்குகிறது. தன்னால் அந்த வீட்டுக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்று அவள் தானே வளவில் விழும் காலை வெயிலுக்குள் நடந்து போய் எரிந்துவிடுகிறாள். அழகாக எழுதியிருக்கிறாய், அதனால்தான் எனக்கு இன்னும் அச்சமாக இருக்கிறது. வெயில் பட்டால் காட்டேரி இறக்கவேண்டும், அது விதி என்று சொல்லாதே. கார்மில்லா பிற்பகலில் எழுந்து உலவுகிறாள். ஸ்டோக்கரின் டிராகுலா லண்டனில் பகலிலேயே நடமாடுகிறான். வலிமை குறையுமே தவிர உயிர் போகாது. வெயிலில் அழிந்துபோவது 1922-இல் வந்த ‘நாஸ்ஃபெராட்டு’ என்ற ஜெர்மானிய மௌனப்படம் கொண்டுவந்தது. ஒரு சினிமாக்காரர் சேர்த்ததை நீ எடுத்துவிடலாம். நம் தமிழிலேயே, வணிகர் வீட்டில் பிறந்த புனிதவதி, கணவனுக்கென்று சுமந்த உடம்பை உதறிப் பேய் வடிவம் கேட்டு வாங்கினாள். அவளை யாரும் கழுவில் ஏற்றவில்லை. ஈசன் ‘அம்மையே’ என்று அழைத்தார். அறுபத்துமூவர் வரிசையில் மற்றவர்கள் நின்றிருக்கக் காரைக்கால் அம்மையார் அமர்ந்திருப்பதை நீயே சிறுவயதில் கோயிலில் காட்டிக் கேட்டிருக்கிறாய். பேயாகிப்போன பெண்ணுக்கு உட்கார இடம் கொடுத்த ஊரில் இருந்துகொண்டு நீ ஏன் அவளை எரிக்கிறாய்? யாருக்காகவும் அவள் சாகவேண்டாம். யாருக்கும் பாரம் என்று அவள் நினைக்கவும் வேண்டாம். இதை நீ எழுதும் பெண்ணுக்காகச் சொல்கிறேன், எழுதுகிற பெண்ணுக்காகவும் சொல்கிறேன்.

கதைக்கு உதவும் என்று சில செய்தித்தாள் நறுக்குகளை இத்துடன் வைத்திருக்கிறேன். 2018 செப்டம்பர் 6-இல் ஒரே பாலினத்தார் உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 377-ஆம் பிரிவைப் பற்றிச் சொன்னது, 2023 அக்டோபரில் திருமண உரிமையை மறுத்தது, இரண்டும் உண்டு. அவற்றைவிட என்னைத் தொட்டது 2021-ஆம் ஆண்டுச் செய்தி: மதுரையிலிருந்து வீட்டை விட்டுச் சென்னைக்குப் போன இரண்டு பெண்களின் வழக்கில், இதைப் பற்றித் தமக்கு விளங்கவில்லை என்று சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகு தீர்ப்பு எழுதியிருக்கிறார் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி. அந்தப் பெண்களின் பெற்றோரும் ஆலோசனைக்கு அனுப்பப்பட்டார்கள் என்று போட்டிருந்தது. மதுரை நமக்கு எவ்வளவு பக்கம். அந்தத் தாய்மார் இரவில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். உன் கதையின் தாய்க்கு அது உதவலாம்.

பிள்ளையார் நோன்புக்கு நீ வீட்டில் இல்லாமல் பல ஆண்டுகள் கழிந்துவிட்டன. அங்கே நகரத்தார் கூடி, நோன்புத் திரியான இழையை எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறாய், நல்லதுதான்; ஆனாலும் அப்பச்சி கையால் எடுத்துக்கொள்வது போல ஆகுமா? திருத்தி எழுதிய கடைசி அத்தியாயத்தோடு இந்த மார்கழியில் வா. போனில் உனக்குப் பின்னால் காப்பிக் கோப்பையோடு போகிற அந்தப் பெண்ணையும் அழைத்து வா. திரியைச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்வதைப் பார்த்து அவள் பயந்துவிடாதபடி முன்னதாகவே சொல்லிவை. நம் வீட்டுக் காரம் அவளுக்கு ஒத்துக்கொள்ளுமா என்றும், அவள் பெயரை எப்படிச் சொல்லி அழைக்கவேண்டும் என்றும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
ஆத்தா